உதடு முதல் இரைப்பை வரை: வேலைக்கேற்ற திசுக்கள்

உதட்டின் உட்புறம் முதல் இரைப்பை வரை உணவு செல்லும் பாதை முழுவதையும் சளிச்சவ்வு மூடியிருக்கிறது. வெறும் கண்ணுக்கு எங்கும் ஒன்றுபோலச் சிவந்து ஈரமாகத் தெரியும் இந்தச் சவ்வு, நுண்ணோக்கியில் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. அந்தந்த இடத்தின் வேலையே திசுவின் அமைப்பைத் தீர்மானிக்கிறது.

வாயின் சளிச்சவ்வில் மேலே இருப்பது எபிதீலியம். தட்டையான செல்கள் பல அடுக்குகளாக அமைந்தது. அதன் கீழே இரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடும் இணைப்புத் திசு இருக்கிறது. எபிதீலியத்தின் அடி அடுக்கில் புதிய செல்கள் உருவாகி மேலே நகர்கின்றன. பழையவை உதிர்ந்து உமிழ்நீரோடு விழுங்கப்படுகின்றன. வாயில் ஏற்படும் காயம் விரைவில் ஆறுவதற்கு இந்த ஓயாத புதுப்பிப்பு ஒரு முக்கியக் காரணம்.

மெல்லும்போது உராய்வு மிகுவது ஈறுகளிலும் மேல்வாயின் கடினமான முன்பகுதியிலும்தான். உள்ளங்காலின் தோலுக்கு உறுதி தரும் கெரட்டின் என்ற புரதம் இங்கேயும் மேற்செல்களில் நிறைந்திருக்கிறது. கன்னத்தின் உட்புறம், வாயின் அடித்தளம், நாக்கின் கீழ்ப்புறம் ஆகியவை விரிந்து சுருங்க வேண்டியவை. ஆகவே அவற்றின் மேற்பரப்பு கெரட்டின் படியாமல் மென்மையாக இருக்கிறது. அடித்தளத்தின் எபிதீலியம் மிக மெல்லியது. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை சில நிமிடங்களிலேயே வேலை செய்வது அதனால்தான்.

நாக்கின் மேற்புறம் சொரசொரப்பாக இருப்பதற்குக் காரணம் பாப்பில்லாக்கள் எனப்படும் சிறு முகடுகள். அவற்றில் எண்ணிக்கையில் மிகுந்தவை இழை வடிவானவை. அவற்றில் சுவை மொட்டுகள் கிடையாது, உணவைப் பற்றி நகர்த்துவதே அவற்றின் வேலை. காளான் வடிவ முகடுகளில் சுவை மொட்டுகள் உண்டு. நாக்கின் பின்பகுதியில் V வடிவ வரிசையில் நிற்கும் 8 முதல் 12 பெரிய முகடுகளைச் சுற்றி அகழிகள் இருக்கின்றன. அகழிச் சுவர்களில் சுவை மொட்டுகள் நெருக்கமாக உள்ளன. அடியிலுள்ள சுரப்பிகள் நீரைச் சுரந்து அகழியைக் கழுவுவதால் அடுத்த சுவை தெளிவாகத் தெரிகிறது. ஒரு சுவை மொட்டில் 50 முதல் 100 செல்கள் இருக்கும்.

உணவுக்குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ளது. அதன் சுவரில் சளிச்சவ்வு, சளி சுரக்கும் சுரப்பிகள் கொண்ட கீழடுக்கு, தசை, வெளியுறை என நான்கு அடுக்குகள் உள்ளன. தசையின் மேல் மூன்றில் ஒரு பங்கு எலும்புத்தசை வகையைச் சேர்ந்தது, கீழ்ப்பங்கு மென்தசை, இடையில் இரண்டும் கலந்திருக்கும்.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் பல அடுக்குத் தட்டைச் செல்கள் சட்டென முடிந்து, ஒற்றை அடுக்குத் தூண் செல்கள் தொடங்குகின்றன. இவை சுரக்கும் அடர்ந்த சளி, இரைப்பையை அமிலத்திலிருந்து காக்கிறது. உணவுக்குழாய்க்கு அந்த அளவு பாதுகாப்பு இல்லை. அமிலம் பல ஆண்டுகள் மேலேறிக்கொண்டே இருந்தால், சிலருக்கு அதன் அடிப்பகுதியில் தட்டைச் செல்கள் தூண் செல்களாக மாறுகின்றன. பாரெட் உணவுக்குழாய் எனப்படும் இந்நிலை புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கூட்டும்.

வாயில் இதைப் போன்ற கேட்டை விளைவிப்பவை பாக்கும் புகையிலையும். பாக்கை வழக்கமாக மெல்பவர்களுக்கு எபிதீலியத்தின் கீழே நார்த்திசு பெருகி, வாயைத் திறப்பதே கடினமாகலாம். அது புற்றுநோயாகவும் மாறக்கூடும். இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணோ, மறையாத வெள்ளைத் திட்டோ வாயில் தெரிந்தால் தாமதிக்காமல் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.