விரலில் ஒரு கீறல்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர் விரலை இரும்புச் சுருள் கீறிவிடுகிறது. பனியன் வேஸ்டால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறார். மூன்றாம் நாள் விரல் வீங்கிச் சீழ் கோத்து, விண்விண்ணென்று தெறிக்கிறது. இது பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியின் வேலை. நுண்ணோக்கியில் திராட்சைக் குலைபோலத் தெரிவதால், ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் 1882-இல் வைத்த பெயர் அது.

கிருமி வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. இதில் ஆரியஸ் என்ற வகை, பத்தில் மூன்று பேர் மூக்கினுள் சும்மா குடியிருக்கிறது. தோல் கிழிந்தால்தான் வினை. எபிடெர்மிடிஸ் என்ற இன்னொரு வகையோ நம் எல்லார் தோலிலும் இருந்து, கெட்ட கிருமிகளுக்கு இடம்விடாமல் காக்கிறது.

புண்பட்ட விரலோடு சமையலைத் தொடாதீர்கள். வெக்கையில் கிடக்கும் சோற்றில் ஆரியஸ் நஞ்சைச் சுரக்கும். சுடவைத்தால் கிருமி சாகும். நஞ்சு அப்படியே இருக்கும். சில மணி நேரத்தில் வாந்தி பிடுங்கும்.

காயத்தை உடனே சோப்புப் போட்டு, ஓடும் நீரில் கழுவிக் கட்டுங்கள். கட்டியைப் பிதுக்கவே பிதுக்காதீர்கள். டாக்டர் ஐந்து நாள் மாத்திரை எழுதினால் ஐந்து நாளும் சாப்பிடுங்கள்.