ராஜ வீதி வாசகன் – 9: பொன்னிறமாக வறுக்கவும்

சென்ற வாரம் கொங்கு நாவல்களைப் பற்றி எழுதினேன். வந்த கடிதங்களில் ஒன்று இப்படிக் கேட்டது: “கதையெல்லாம் சரிங்க. வீட்டுல நெசமாலுமே எடுத்துப் பொரட்டற பொஸ்தகத்தப் பத்தி எப்பங்க எழுதுவீங்க?” நியாயமான கேள்வி.

ராஜ வீதி விஜயா பதிப்பகத்திலோ, ஜூலையில் கொடிசியா வளாகத்தில் கூடும் புத்தகத் திருவிழாவிலோ, 2005இல் தொடங்கி மக்கள் சிந்தனைப் பேரவை நடத்திவரும் ஈரோட்டுத் திருவிழாவிலோ அரை மணி நேரம் நின்று பாருங்கள். குடும்பத்தோடு வருகிறவர்கள் கை முதலில் நீள்வது சமையல், வாழ்க்கை வரலாறு, ‘நீங்களே செய்து பாருங்கள்’ வகையறா ஆகியவற்றுக்குத்தான். இலக்கியக்காரர்கள் அந்த இடத்தைக் கொஞ்சம் வேகமாகக் கடந்துபோவார்கள். நான் அங்கேயே நிற்கிற ஆள். விமர்சகனெல்லாம் இல்லை, பிடித்தால் படிப்பேன், பிடிக்காவிட்டால் மூடிவைப்பேன்.

சமையல் நூலில் நான் தேடுவது ஒன்றுதான். எழுதியவர் அடுப்படியில் நின்றவரா என்பது இரண்டு பக்கத்துக்குள் தெரிந்துவிட வேண்டும். நம் சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான நூல்களில் அது கடைசிவரை தெரிவதில்லை. தேவையான பொருள்கள், செய்முறை, பொன்னிறமாக வறுக்கவும், சூடாகப் பரிமாறவும். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதே பொன்னிறம். வெங்காயம் வதங்கும்போது என்ன வாசனை வரும், எப்போது அடுப்பைத் தணிக்க வேண்டும், தப்பிப்போனால் எப்படிச் சரிக்கட்டுவது என்று ஒரு வரி இருக்காது.

எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ இன்றும் விற்கிறது என்றால் காரணம் இதுதான். உறவினர்கள் ஓயாமல் செய்முறை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ‘இதைப் புத்தகமாகவே எழுதிவிடேன்’ என்று தூண்டியவர் உறவினரான வழக்கறிஞர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். கேட்பவர் முகம் தெரிந்து எழுதிய நூல் அது. புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண்ணுக்கு எது தெரியாது என்பது அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் அது சென்னை பிராமண வீட்டுச் சமையல். வெள்ளாட்டுக் கறியை அதில் தேட முடியாது.

நம் பக்கத்துச் சமையலுக்கு அப்படி ஒரு நூல் உண்டா? ‘கொங்கு நாட்டுச் சமையல்’ என்று அட்டை போட்டவை உண்டு. அவற்றில் அரிசிம்பருப்பு படும் பாட்டைப் பார்க்க வேண்டும். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, வரமிளகாய், சீரகம், மிளகு, மஞ்சள். இவ்வளவுதான் சங்கதி. சூட்டோடு நெய் ஊற்றிச் சாப்பிட்டால் முடிந்தது. இதில் பட்டை, கிராம்பு, பிரியாணி இலை, முந்திரி எல்லாம் சேர்த்து அதைப் புலாவுக்குச் சித்தப்பா பையனாக்கி வைத்திருக்கிறார்கள். பள்ளிபாளையம் சிக்கனுக்கும் அதே கதி. காவிரிக்கு அக்கரையில் ஈரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஊர்ப் பெயர் தாங்கிய கறியில் விதை நீக்கிய வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல் மூன்றும்தான் பேச வேண்டும். புத்தகமோ மல்லித்தூள், கரம் மசாலா என்று பட்டியலை நீட்டுகிறது.

பதிப்பாளரையும் குறை சொல்ல முடியாது. கொஞ்சம் சாமான்களில் முடிகிற சமையலை எத்தனை பக்கத்துக்கு இழுப்பது? செட்டிநாட்டுக்கு விருந்து உண்டு, அதற்கென்றே சமையல்காரர்கள் உண்டு. ‘தி பங்களா டேபிள்’ போல வழவழப்புத் தாளில் பெரிய நூல் வர அங்கே விஷயம் இருக்கிறது. இங்கே 1955இல் பவானிசாகர் அணை முடிந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வரும்வரை எத்தனையோ ஊர்களில் வெறும் மேட்டாங்காடுதான். கம்பும் ராகியும் சோளமும் கொள்ளும் விளைந்தன, அவையே வெந்தன. காட்டு வேலைக்கு நடுவே பொங்கி இறக்கிய சமையல் அது. என் பெரியம்மாவிடம் கொள்ளுக் கடைசலுக்கு அளவு கேட்டால், “ஒரு கை போடு கண்ணு. ஆளு சாஸ்தியா வந்தா ரெண்டு கை போடு” என்பார். யார் கை என்று கேட்டுவிடக் கூடாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பல ஆண்டுகளாகக் கோவையில் வசிக்கும் நாஞ்சில் நாடன் உணவைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதியிருக்கிறார். பெயர் ‘நாஞ்சில் நாட்டு உணவு’! சிறுவாணித் தண்ணீர் குடித்துக்கொண்டு ஊரைவிட்டு வந்தவர் தான் பிறந்த மண்ணின் சமையலை எழுதுகிறார். இங்கேயே இருக்கிற நாம் எழுதவில்லை. தினமும் தட்டில் விழுகிறதை எழுதி வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அவருடைய எழுத்தில் பண்டம் தனியாக வராது. அது எந்தச் சடங்குக்குச் செய்தது, யார் கிண்டினார்கள், யாருக்குக் கிடைக்கவில்லை என்பதெல்லாம் கூடவே வரும். சமையல் நூல் என்றால் எனக்கு இப்படித்தான் இருக்க வேண்டும்.

கொங்குச் சோற்றைப் படிக்க வேண்டுமென்றால் நான் சமையல் அலமாரியை விட்டு நினைவு நூல்களின் பக்கம் நகர்ந்துவிடுவேன். பெருமாள்முருகன் தன் தாயைப் பற்றி எழுதிய ‘தோன்றாத் துணை’யைச் சமையல் நூல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். காடும் மாடும் ஆடுமாக உழைத்த ஒரு பெண் எப்படிக் குடும்பத்தை ஓட்டினாள் என்பதுதான் அதில் இருக்கிறது. அந்த வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் நம் குழம்பு ஏன் இப்படி இருக்கிறது என்பது தானாகப் புரிந்துவிடும். அவருடையதே ‘நிழல்முற்றத்து நினைவுகள்’. சினிமாக் கொட்டகையில் சோடாக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பையன் பார்த்த உலகம். சினிமாவைப் பற்றிய புத்தகம் என்று வாங்கினேன். படித்து முடித்தபோது திரையைவிட அந்தக் கடைதான் மனதில் நின்றது. தொழிலைச் சொல்லும் நினைவு நூல் என்னைக் கைவிட்டதே இல்லை.

கோவை அய்யாமுத்துவின் ‘எனது நினைவுகள்’ இதில் சேர்த்தி. காங்கயம் பக்கத்துப் பரஞ்சேர்வழியில் பிறந்து, கதரே கதியென்று கிடந்து, ‘கஞ்சன்’ படத்துக்கு எழுதவும் செய்த மனிதர். மாநாடுகளையும் தீர்மானங்களையும் நான் தள்ளிக்கொண்டே போவேன். நூலும் தறியும் கணக்கு வழக்கும் வருகிற இடங்களில் நின்றுவிடுவேன். நாமக்கல் கவிஞரின் ‘என் கதை’யிலும் இதே பழக்கம்தான். கவிஞர் என்று ஊர் கொண்டாடுகிற வெ. இராமலிங்கம் பிள்ளை அடிப்படையில் ஓவியர், படம் எழுதிப் பிழைத்தவர். தூரிகைக்காரர் உலகத்தைப் பார்க்கிற விதம் வேறு. அவர் உரைநடை எனக்கு அவர் கவிதையைவிடப் பிடிக்கும். நாமக்கல்காரர்கள் மன்னிக்கட்டும்.

பெரிய பதவியில் இருந்தவர்களின் நினைவுக் குறிப்புகள்தான் எனக்குச் சோதனை. பொள்ளாச்சி செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் மூன்று பாகங்களில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். நாட்டுக்கு முக்கியமான நூல்தான். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை இறக்குமதி செய்த அமைச்சர் வேறு எதை எழுதுவார்? ஆனால் எனக்குக் கோப்புகளை விட, டெல்லியில் தன் அரசு பங்களாவின் புல்வெளியை உழுது அதே கோதுமையை விதைத்துப் பார்த்தாரே, அந்தச் சி.எஸ்.ஸைத்தான் பிடிக்கும். பொள்ளாச்சி விவசாயி புல்லை எத்தனை நாள் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்?

இங்கேதான் பொழுதுபோக்கு நூல்கள் வருகின்றன. கொங்கு நாட்டில் பொழுதுபோக்கு என்று தனியாக ஒன்று இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம். மாடித் தோட்டமோ, தேனீயோ, புறாவோ, எதைத் தொட்டாலும் அடுத்த வாரமே யாராவது வந்து “இதுல மாசம் என்னங்க நிக்கும்?” என்று கேட்டுவிடுவார்கள். தமிழ்வாணனின் மணிமேகலைப் பிரசுரத்துக் கைத்தொழில் நூல்கள் நம் ஊர் வீடுகளில் ஏறியதற்கு அதுவே காரணம் என்பேன். வேளாண் பல்கலைக்கழகத்தின் மாத இதழ் ‘உழவரின் வளரும் வேளாண்மை’யைக் கதைப் புத்தகம் போல் படிக்கிறவர்களை எனக்குத் தெரியும். நானும் படிப்பேன். எரு அளவு, இடைவெளி, பூச்சியின் பெயர் எல்லாம் தெளிவாக இருக்கும். பல சமையல் நூல்களைவிட நாணயமான உரைநடை.

ஜி.டி. நாயுடுவையே எடுத்துக்கொள்ளுங்கள். ரட்ஜ் மோட்டார் சைக்கிள் மேல் ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து வாங்கி, அதைப் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டியவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டுவிட்டார். பொழுதுபோக்கு எங்கே முடிந்தது, தொழில் எங்கே தொடங்கியது? சிவசங்கரி எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாறு ‘அப்பா’ உண்டு. ஆனாலும் அந்த வண்டியைப் பிரித்த கதையை நாயுடுவே நட்டு நட்டாக எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற ஏக்கம் எனக்குத் தீராது.

அந்த ஏக்கத்தைக் கொஞ்சம் தீர்த்தவர் வெளியூர்க்காரர். ஆனைகட்டியில் 1990 முதல் இயங்கும் பறவை ஆய்வு மையத்துக்கு யார் பெயரை வைத்திருக்கிறார்களோ, அந்த சலீம் அலி. சின்ன வயதில் சுட்டு வீழ்த்திய மஞ்சள் கழுத்துக் குருவியிலிருந்து தொடங்கும் அவருடைய தன்வரலாறு 1985இல் ஆங்கிலத்தில் வந்தது. பறவைக்காக வாங்கியவன் மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டேன். வண்டிப் பைத்தியம் பிடித்த மனிதர். 1950இல் ஸ்வீடனின் உப்சாலாவில் நடந்த பறவையியல் மாநாட்டுக்குத் தன் சன்பீம் வண்டியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய் ஐரோப்பாவைச் சுற்றியிருக்கிறார். அப்போது வயது ஐம்பதுக்கு மேல். காந்திபுரம் மெக்கானிக்குகளுக்கு இந்தப் பகுதியை மட்டுமாவது யாராவது படித்துக் காட்ட வேண்டும்.

தமிழில் அந்த வரிசைக்குத் தாராபுரத்தில் பிறந்த தியடோர் பாஸ்கரன் இருக்கிறார். தபால் துறையில் பெரிய அதிகாரியாக இருந்துகொண்டே பறவை பார்த்தவர், பழைய சினிமா தேடியவர், நாட்டு நாய்களைப் பற்றியே தனி நூல் எழுதியவர். அவரிடம் எனக்குப் பிடித்தது குரல் உயராமை. பாஸ்கரனைப் படித்துவிட்டு சிங்காநல்லூர்க் குளத்தங்கரைக்குப் போனவர்கள் கொஞ்சம் பேர் இருப்பார்கள். போகாதவர்களும் அடுத்தமுறை பேருந்தில் அந்தப் பக்கம் போகும்போது தண்ணீரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

இந்த ஊரில் நடந்த ஒரு முக்கியமான வாழ்க்கைப் பகுதியை இன்னும் நான் தொடவில்லை. 1908 முதல் 1910 வரை கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சி., தன் கதையை உரைநடையில் அல்ல, அகவற்பாவில் எழுதினார். நூலாக வந்தது 1946இல், அவர் இறந்து பத்தாண்டு கழித்து. தெருவுக்குத் தெரு ‘மரச்செக்கு எண்ணெய்’ பலகை தொங்குகிற இன்றைய கோவையில் அந்தச் சுயசரிதையை எப்படிப் படிப்பது என்பதற்கு இந்தப் பக்கம் போதாது. அடுத்த வாரம் முழுக்க அதுதான்.

(தொடரும்)