சிக்னஸ் எக்ஸ்-1: எக்ஸ் கதிர் காட்டிக்கொடுத்த கருந்துளை

கருந்துளையிலிருந்து ஒளி வெளியேறாது. ஆனால் அதை நோக்கி இழுபடும் வாயு உள்ளே விழுமுன் தட்டு வடிவில் சுழன்று, உராய்வினால் பத்து லட்சம் டிகிரிக்கும் மேல் சூடேறி எக்ஸ் கதிர்களை உமிழ்கிறது. கருந்துளைகள் உண்டு என்பதற்கு முதல் வலுவான சான்றைத் தந்தவை இந்தக் கதிர்களே.

எக்ஸ் கதிர்களைப் பூமியின் காற்று மண்டலம் உறிஞ்சிவிடுவதால், அவற்றைக் காண மேலே போயாக வேண்டும். 1962-இல் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு நியூ மெக்சிகோவிலிருந்து ஏவிய ராக்கெட், சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து எக்ஸ் கதிர்கள் வருவதை முதன்முதலில் கண்டது. 1964-இல் மற்றொரு ராக்கெட் அன்ன வடிவ விண்மீன் கூட்டத்தில் சிக்னஸ் எக்ஸ்-1 என்ற மூலத்தைக் கண்டது. ராக்கெட்டுக்குக் கிடைப்பதோ சில நிமிடங்கள்தான். 1970 டிசம்பர் 12 அன்று, கென்யக் கடலோர மேடையிலிருந்து உஹுரு செயற்கைக்கோள் ஏவப்பட்ட பிறகே நிதானமாகக் கவனிக்க முடிந்தது.

சிக்னஸ் எக்ஸ்-1 நொடிக்குள் பலமுறை கூடிக் குறைவதை உஹுரு பதிவு செய்தது. இந்தத் துடிப்புதான் மிக அருமையான தடயம். ஒரு பொருள் முழுவதுமாகப் பிரகாசம் மாற வேண்டுமானால், ஒரு முனையில் நேரும் மாற்றம் மறுமுனையை எட்ட வேண்டும். அது ஒளியைவிட விரைவாகப் போகாது. நொடியில் பத்தில் ஒரு பங்கில் ஒளி 30,000 கி.மீ. கடக்கும். ஆக, கதிர் புறப்படும் இடம் அதற்குள் அடங்கிவிடுகிறது. சூரியனின் விட்டமோ ஏறத்தாழ 14 லட்சம் கி.மீ.

அளவு தெரிந்தது, எடை தெரியவில்லை. ரேடியோ தொலைநோக்கிகள் மூலத்தின் இடத்தைத் துல்லியமாகக் குறித்தபோது, அங்கே ஒரு நீலப் பெருவிண்மீன் இருந்தது. கிரீனிச் ஆய்வகத்தின் லூயிஸ் வெப்ஸ்டர், பால் மர்டின் ஆகியோரும் டொரன்டோவில் தாமஸ் போல்டனும் தனித்தனியே அதன் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தனர். அதிலுள்ள கோடுகள் 5.6 நாளுக்கு ஒரு சுற்றாக நீலப் பக்கமும் சிவப்புப் பக்கமும் நகர்ந்தன. அதாவது விண்மீன் நம்மை நோக்கி வருவதும் விலகுவதுமாக இருந்தது; கண்ணுக்குத் தெரியாத கனத்த துணை ஒன்று அந்தப் பெரிய விண்மீனைச் சுழற்றிக்கொண்டிருந்தது.

இவ்வளவு சிறிய இடத்தில் அடங்கக்கூடியவை, இறந்த விண்மீன்களின் எச்சங்களான வெள்ளைக் குள்ளனும் நியூட்ரான் விண்மீனும், இல்லையேல் கருந்துளையும்தான். வெள்ளைக் குள்ள விண்மீன் சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் எடை தாங்காது என்பதைச் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930-களிலேயே நிறுவியிருந்தார். நியூட்ரான் விண்மீனுக்கு உச்சம் ஏறத்தாழ மூன்று மடங்கு. துணையின் எடை அதையும் தாண்டியதாகத் தெரிந்ததால், கருந்துளை தவிர வேறு விளக்கம் பொருந்தவில்லை. ஆனாலும் தூரம் சரியாகத் தெரியாமல் எடையும் உறுதியாகாததால் ஐயம் நீடித்தது. அது கருந்துளை அல்ல என்று சக இயற்பியலாளர் கிப் தோர்னிடம் பந்தயம் கட்டிய ஸ்டீபன் ஹாக்கிங் 1990-இல்தான் தோல்வியை ஒப்புக்கொண்டார். 2021-இல் வெளியான அளவீட்டின்படி அதன் தூரம் சுமார் 7,200 ஒளியாண்டு. எடை சூரியனைப் போல் 21 மடங்கு.