மீண்டெழும் நுரையீரற் புற்றுநோய்

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தோர் திரட்டிய நிதியால், 2013இல் தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. புகையிலை விளையும் எமது குடாநாட்டில், சிகிச்சையின் பின்னரான கண்காணிப்பையும் நாம் சிந்தித்தல் வேண்டும்.

நுரையீரற் கட்டியைக் குறிவைக்கும் கதிர்ச் சிகிச்சை பெற்றவரின் படத்தில் தோன்றும் நிழல் யாவற்றையும் நோயின் மீட்சியெனக் கொள்ளலாகாது. கதிர்பட்ட இழையம் தழும்பாக இறுகும்போதும் அத்தகைய நிழலே விழும். 12 மாதங்களின் பின்னரும் அது பெருகுமாயின் ஐயத்துக்கு இடமுண்டு; இயலுமிடத்து இழைய மாதிரி கொண்டு உறுதிசெய்தல் முறை. அவ்விடத்தில் மட்டும் மீண்ட நோய்க்குச் சத்திர சிகிச்சையோ மீள்கதிர்ச் சிகிச்சையோ ஏற்றவர்க்கு உதவும். பரவிய நோய்க்கு மருந்துச் சிகிச்சையே முதன்மையானது. எனவே, நலமாயிருப்பவரும் தவணை தவறாது படமெடுத்தால்தான் இவ்வேறுபாடு உரிய காலத்தில் புலப்படும்.