வீடியோ விளையாட்டுகள்: வகையறிந்து மதிப்பிடுவோம்

திருவனந்தபுரம் நகரில் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை போலத் தோன்றும் இரண்டு அரசுப் பணிகளைக் காணலாம். நகரின் பூஜப்புரைப் பகுதியிலிருந்து இயங்கும் 'கைட்' என்னும் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம், கேரளத்தின் தொடக்கப் பள்ளிகளுக்குக் கணினி விளையாட்டுகளைப் பாடத்தின் ஒரு பகுதியாகவே வழங்குகிறது. இளம் வகுப்புகளுக்கென 2017ஆம் ஆண்டில் வெளிவந்த கணினிப் பாடநூலின் பெயரே 'களிப்பெட்டி', அதாவது விளையாட்டுப் பெட்டி என்பதாகும். அதே மாநிலத்தின் காவல்துறை, கைப்பேசி விளையாட்டுகளிலும் இணையத்திலும் மூழ்கி மீள இயலாத சிறுவர் சிறுமியருக்காக 'டி-டாட்' என்னும் இலவச ஆலோசனை மையங்களை 2023ஆம் ஆண்டில் தொடங்கியது. திருவனந்தபுரம், கொல்லம், எர்ணாகுளம், திருச்சூர், கோழிக்கோடு, கண்ணூர் ஆகிய நகரங்களில் இவை அமைந்தன.

ஒரு துறை குழந்தைகளின் கையில் விளையாட்டைக் கொடுக்கிறது. மற்றொரு துறை அவர்களை விளையாட்டிலிருந்து மீட்க முனைகிறது. இது அரசின் முரண்பாடா? அன்று. 'வீடியோ விளையாட்டு' என்னும் ஒரே சொல்லால் நாம் குறிப்பிடுபவை ஒரே பொருள் அல்ல என்பதே இதற்கு விடையாகும். நம் முன்னோர் ஆடுபுலி ஆட்டத்தையும் பல்லாங்குழியையும் பரமபதத்தையும் விளையாட்டு என்றே கொண்டனர். ஆனால் பணயம் வைத்து ஆடும் சூதினைத் தனியே பிரித்து வைத்தனர். திருக்குறளில் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் உள்ளது. அத்தகைய பாகுபாடு இன்றைய மின்திரை விளையாட்டுகளுக்கும் தேவை. ஒவ்வொரு வகையைப் பற்றியும் எழுந்துள்ள விமர்சனங்களை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

அரை நூற்றாண்டு வளர்ச்சி

1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'பாங்' என்னும் மேசைப்பந்தாட்டமே வணிக வெற்றி கண்ட முதல் வீடியோ விளையாட்டு எனலாம். 1978இல் ஜப்பானின் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980இல் 'பேக்மேன்', 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பாஜித்னோவ் உருவாக்கிய 'டெட்ரிஸ்', 1985இல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' எனப் புதிய வகைகள் தொடர்ந்து தோன்றின. தொடக்கத்தில் காசு போட்டு ஆடும் பெரும் பெட்டிகளில் இருந்த விளையாட்டு, பின்னர் வீட்டுத் தொலைக்காட்சிக்கும், அடுத்துக் கணினிக்கும், இறுதியில் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது. நம் நாட்டில் பெரும்பாலான மக்கள் இவ்விளையாட்டுகளை அறிந்துகொண்டது கைப்பேசி வாயிலாகவே.

விளையாட்டு பிறந்த சில ஆண்டுகளிலேயே கண்டனமும் பிறந்தது. 1976இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டெத் ரேஸ்' என்னும் விளையாட்டில், திரையில் ஓடும் உருவங்களை வண்டியால் மோத வேண்டியிருந்தது. அதற்கு எழுந்த எதிர்ப்பே இத்துறையில் பெரிதாகப் பேசப்பட்ட முதல் எதிர்ப்பாகும். 1993இல் அந்நாட்டின் செனட் சபை வன்முறை விளையாட்டுகள் குறித்து விசாரணை நடத்தியது. அதன் விளைவாக 1994இல் வயதுக்கேற்பத் தரம் பிரிக்கும் முறையை விளையாட்டுத் தொழில் துறையே ஏற்படுத்திக்கொண்டது.

அதிரடி விளையாட்டுகள்

சுடுதல், சண்டையிடுதல், துரத்துதல் ஆகியவற்றை மையமாகக் கொண்டவை இவ்வகையின. இவை ஆடுவோரை வன்முறையாளர்களாக ஆக்கும் என்பதே நெடுநாளைய குற்றச்சாட்டு. அமெரிக்க உளவியல் கழகம் 2015ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து, வன்முறை விளையாட்டுகளுக்கும் கடுமையான பேச்சு, எரிச்சல் போன்ற நடத்தைக்கும் தொடர்புண்டு என்றது. ஆனால் குற்றச்செயல்களுக்கு இவையே காரணம் என்பதற்குப் போதிய சான்றில்லை என்றும் கூறியது. 2019இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கியும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளரும் பிரிட்டனின் வளரிளம் பருவத்தினரிடையே நடத்திய ஆய்வில், அத்தகைய தொடர்பும் தென்படவில்லை.

மறுபுறம், அதிரடி விளையாட்டுகளை ஆடுவோர் காட்சிக் கவனத்தில் சிறந்து விளங்குவதாக ஷான் கிரீன், டாஃப்னி பவேலியர் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. எனவே, இவ்வகையைப் பொறுத்தவரை அச்சமும் புகழ்ச்சியும் இரண்டுமே அளவோடு அமைதல் வேண்டும். சிறுவர்களின் வயதுக்கு ஒவ்வாத காட்சிகளை விலக்கி வைப்பது தேவையே. ஒவ்வொரு குற்றத்திற்கும் விளையாட்டின் மீது பழி சுமத்துவது, உண்மையான காரணங்களைத் தேடும் பொறுப்பிலிருந்து நம்மை விலக்கிவிடும்.

புதிர் விளையாட்டுகள்

விமர்சகர்களிடம் மிகக் குறைவான எதிர்ப்பைப் பெற்ற வகை இது. வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட 'ஃபோல்டிட்' என்னும் விளையாட்டில், புரத மூலக்கூறு எவ்வாறு மடிந்து அமைகிறது என்பதைப் புதிராகக் கொண்டு ஆட வேண்டும். பல ஆண்டுகளாக அறிவியலாளர்களால் தீர்க்க இயலாதிருந்த, குரங்குகளைத் தாக்கும் ஒரு வைரஸின் நொதியமைப்பை, இவ்விளையாட்டை ஆடியோர் சில வாரங்களில் கண்டறிய உதவினர். இது 2011இல் அறிவியல் இதழில் வெளியாயிற்று. எனினும் இவ்வகையிலும் எச்சரிக்கை தேவை. இலவசம் என வழங்கப்படும் பல கைப்பேசிப் புதிர்கள், ஆட்டம் தடைப்படும் இடத்தில் பணம் செலுத்தச் சொல்கின்றன. அங்கே புதிரின் கடினம் அறிவுக்காக அன்றி, விற்பனைக்காக அமைக்கப்படுகிறது.

பாவனை, வியூக விளையாட்டுகள்

நகரத்தை அமைத்தல், நாட்டை ஆளுதல், விமானம் ஓட்டுதல் போன்றவற்றைப் பாவனையாகச் செய்பவை இவை. திட்டமிடல் பணியில் ஈடுபட்டோர் குறிப்பாக அறிந்திருக்க வேண்டிய வகை இது. 1989இல் வில் ரைட் உருவாக்கிய 'சிம்சிட்டி'யில் ஆடுபவரே நகரத் தலைவர். வரி, சாலை, மின்சாரம், குடியிருப்பு ஆகியவற்றை அவரே முடிவு செய்கிறார். ஒரு முடிவு பல விளைவுகளை உண்டாக்கும் என்னும் அடிப்படைப் பாடத்தை இது எளிதில் உணர்த்துகிறது.

ஆயினும் இதற்கு ஆழமான விமர்சனமும் உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் பால் ஸ்டார் 1994இல் எழுதிய கட்டுரையொன்றில், இத்தகைய பாவனைகளின் உள்ளே மறைந்துள்ள அனுமானங்களைச் சுட்டிக்காட்டினார். வரி உயர்ந்தால் மக்கள் நகரை விட்டு எந்த அளவில் வெளியேறுவர் என்பதை ஆட்டம் ஒரு விதியாக வைத்துக்கொள்கிறது. ஆடுபவருக்கு அவ்விதி தெரிவதில்லை. அதை உண்மையென நம்பிவிடுகிறார். இக்குறை விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. கணினி மாதிரிகளைக் கொண்டு கொள்கை வகுக்கும் எவரும் நினைவிற்கொள்ள வேண்டிய கருத்து இது. ஆகவே, இத்தகைய விளையாட்டை வகுப்பறையில் பயன்படுத்தும் ஆசிரியர், 'எப்படி வென்றாய்?' என்று மட்டும் கேளாமல், 'இந்த ஆட்டம் எதை உண்மையென வைத்துக்கொண்டது?' என்றும் கேட்டல் நலம்.

கதை கூறும் விளையாட்டுகள்

வீடியோ விளையாட்டு ஒரு கலையாகுமா என்னும் விவாதம் இவ்வகையைச் சுற்றியே நிகழ்ந்தது. புகழ்பெற்ற திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 2010இல் அது ஒருபோதும் கலையாகாது என எழுதினார். கடும் மறுப்புகள் எழவே, தாம் நன்கு அறியாத ஒன்றைப் பற்றி எழுதியிருக்கக் கூடாது என அதே ஆண்டில் ஒப்புக்கொண்டார். 2012இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் டெட்ரிஸ், பேக்மேன் உள்ளிட்ட 14 விளையாட்டுகளைத் தன் சேகரிப்பில் சேர்த்தது.

தமிழர்கள் பெருமிதம் கொள்ளத்தக்க எடுத்துக்காட்டு, கனடாவின் டொரான்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் நிறுவனம் 2023இல் வெளியிட்ட 'வெண்பா' ஆகும். 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த்தாயின் வாழ்வை, சிதைந்துபோன சமையற் குறிப்புகளை மீட்டெடுத்துச் சமைப்பதன் வாயிலாக இது சொல்கிறது. மகன் தாய்மொழியிலிருந்து விலகிச் செல்லும் வேதனையும் இதில் உண்டு. 2024இல் இது பிரிட்டனின் பாஃப்டா விருதினைப் பெற்றது. ஆட்ட நேரம் மிகக் குறைவு என்பது இதன் மீது கூறப்பட்ட முக்கியக் குறை. ஆனால் தொடங்கி, நடந்து, முடிவடையும் ஆட்டம் ஆடுபவரை விடுவித்துவிடுகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முடிவில்லாத ஆட்டமும் பண ஆட்டமும்

இன்றைய கவலைகளில் பெரும்பகுதி இவ்விரு வகைகளைச் சார்ந்தது. முதலாவது, முடிவென்பதே இல்லாத இணைய ஆட்டங்கள். நாள்தோறும் வந்தால் பரிசு, வராவிட்டால் இழப்பு என்னும் ஏற்பாடு இவற்றில் உண்டு. பணம் கொடுத்துத் திறந்தால் என்ன கிடைக்கும் எனத் தெரியாத 'அதிர்ஷ்டப் பெட்டி'களையும் பல ஆட்டங்கள் விற்கின்றன. 2018இல் பெல்ஜியம் நாடு இப்பெட்டிகளைச் சூதாட்டமெனவே அறிவித்தது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' இடம்பெற்றது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, ஏனைய பணிகளை விட ஆட்டத்திற்கு முதன்மை அளித்தல், தீங்கு நேர்ந்தும் தொடர்தல் ஆகிய மூன்றும் பொதுவாக 12 மாதங்களேனும் நீடித்து, படிப்பையோ குடும்ப வாழ்வையோ பாதித்தால்தான் அது கோளாறு எனப்படும். விடுமுறையில் சில மணி நேரம் ஆடும் சிறுவனை நோயாளியென முத்திரையிடுவது இவ்வரையறைக்குப் பொருந்தாது.

இரண்டாவது, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள். இவற்றில் பொருளிழந்த குடும்பங்களின் துயரம் கேரளத்திலும் தமிழகத்திலும் சட்டமியற்றத் தூண்டியது. 2021 பிப்ரவரியில் கேரள அரசு, 1960ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டத்தின் கீழ் பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியைத் தடைசெய்தது. ரம்மி திறன் சார்ந்த ஆட்டம் என்னும் அடிப்படையில் அவ்வாண்டு செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை நீக்கியது. தமிழகம் 2022இல் இயற்றிய சட்டமும் ரம்மி, போக்கர் ஆகியவற்றைப் பொறுத்தவரை 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தால் செல்லாதெனப்பட்டது. ஆனால் நேர வரம்பு போன்ற ஒழுங்குமுறைகளை அந்நீதிமன்றம் 2025இல் ஏற்றது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வேறு வழியை மேற்கொண்டது. அது திறனா, அதிர்ஷ்டமா என்னும் பழைய கேள்வியை விடுத்து, பணம் உண்டா, இல்லையா என்று கேட்டது. மின்விளையாட்டுப் போட்டிகள், சமூக விளையாட்டுகள், பண விளையாட்டுகள் என மூன்றாகப் பிரித்து, முதலிரண்டையும் ஊக்குவிக்கவும் மூன்றாவதைத் தடைசெய்யவும் வகைசெய்தது. பண விளையாட்டை நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆடுவோருக்குத் தண்டனை இல்லை. அவர்களைப் பாதிக்கப்பட்டோராகவே சட்டம் கருதுகிறது. வகை பிரித்தல் வெறும் ஏட்டளவிலான பயிற்சியன்று, பல குடும்பங்களின் வாழ்வோடு பிணைந்தது என்பதை இச்சட்ட வரலாறு உணர்த்துகிறது.

ஆடுவோரிலிருந்து ஆக்குவோர்

கேரளப் பள்ளிகளின் அனுபவம் இங்கு கருதத்தக்கது. கைட் நிறுவனம் கட்டற்ற மென்பொருளையே பள்ளிகளுக்கு வழங்குகிறது. அதில் அடங்கிய 'ஜிகாம்ப்ரி' போன்ற கல்வி விளையாட்டுகளில் விளம்பரம் இல்லை, விற்பனை இல்லை, ஆட்டம் முடிந்ததும் குழந்தையை மீண்டும் அழைக்கும் தூண்டிலும் இல்லை. எண்ணும் எழுத்தும் வண்ணமும் சுட்டியைக் கையாளும் பயிற்சியும் விளையாட்டாகவே கைவருகின்றன.

2018இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளில் அமைந்தன. இவற்றில் மாணவர்கள் 'ஸ்கிராட்ச்' முதலிய மென்பொருள்களைக் கொண்டு அசைவூட்டமும் சிறு விளையாட்டுகளும் தாமே உருவாக்கப் பயில்கின்றனர். தாமே ஒரு விளையாட்டை உருவாக்கிய மாணவன், புள்ளிகள் ஏன் கூடுகின்றன, பரிசு ஏன் அந்த நொடியில் தோன்றுகிறது என்பதை அறிவான். பிறர் விரித்த வலையின் முடிச்சு அவன் கண்ணுக்குத் தெரியும். தடையும் ஆலோசனையும் தரவியலாத பாதுகாப்பு இது.

மதிப்பிடும் முறை

பெற்றோரும் ஆசிரியரும் அலுவலரும் ஒரு விளையாட்டைப் பற்றிக் கருத்துக் கூறுமுன் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். இதன் காட்சிகள் ஆடுபவரின் வயதுக்கு ஏற்றவையா? ஆட்டத்திற்கு ஒரு முடிவு உண்டா? ஆடும்போது பணம் கேட்கப்படுகிறதா, கேட்கப்பட்டால் எதற்காக? ஆடி முடித்தவர் எதையேனும் கற்றாரா, அல்லது களைப்பு நீங்கி மகிழ்ந்தாரா?

இக்கேள்விகளுக்கான விடைகள் ஒவ்வொரு வகைக்கும் வேறுபடும். ஒரு தாய் தன் மகனிடம் 'விளையாடாதே' எனக் கூறுவதற்கும், 'எதை விளையாடுகிறாய், எனக்கும் காட்டு' எனக் கேட்பதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. முதலாவது பேச்சை முடித்துவிடும். இரண்டாவது பேச்சைத் தொடங்கி வைக்கும். பூஜப்புரையில் தயாராகும் விளையாட்டுப் பெட்டியும் காவல்துறையின் ஆலோசனை மையமும் ஒரே நோக்கத்தின் இரு பக்கங்களே. நல்லதைக் கையில் கொடுப்பதும் தீயதிலிருந்து கைகொடுத்து மீட்பதும் ஒரு சமுதாயம் தன் குழந்தைகளுக்கு ஆற்ற வேண்டிய கடமைகள் ஆகும். இரண்டையும் செவ்வனே செய்ய, வகையறியும் தெளிவு முதற்கண் தேவை.