மேகத்துக்கு அடியில் – 17: 21-க்கும் 23-க்கும் நடுவே

அமேசானின் கிளவுட் கிடங்கான எஸ்3-இல் ஃபோல்டர் என்று ஒன்று கிடையாது, ஃபைல் பெயரில் வரும் சாய்கோட்டைத்தான் ஃபோல்டர் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம் என்ற இடத்தில் போன வாரம் நிறுத்தினேன். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இது போதும். இந்த வாரம், ஒரு கிளவுட் லைப்ரரியில் எஸ்எஃப்டிபி, எஃப்டிபிஎஸ் கனெக்டர்களைச் சேர்க்கும்போது எங்கெங்கே இடிக்கிறது என்று எழுதுவதாக வாக்கு. ரீநேம் சிக்கலில் ஆரம்பிப்பதாகவும் சொல்லியிருந்தேன். ஆரம்பிக்கத்தான் போகிறேன். அதற்கு முன்னால் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்ற அம்மையாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்த வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடாமல் செய்தவர் அவர்தான்.

1995-ஆம் ஆண்டு. ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ ஒட்டுக்கேட்கும் புரோகிராம் ஒன்றைச் செருகிவிட்டார்கள். அந்தக் காலத்தில் வேறு கம்ப்யூட்டருக்குள் நுழைய டெல்நெட், ஃபைல் அனுப்ப எஃப்டிபி. இரண்டிலும் பாஸ்வேர்டு அப்படியே பச்சையாக வயரில் போகும். நடுவில் உட்கார்ந்தவன் கையில் ஆயிரக்கணக்கான பாஸ்வேர்டுகள் சிக்கின. கடுப்பான டாட்டு யிலோனென் என்ற ஆராய்ச்சியாளர், எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும் எஸ்எஸ்ஹெச்சைத் தானே உட்கார்ந்து எழுதினார். வெளியிடும் நேரம் வந்தபோது ஒரு போர்ட் எண், அதாவது புரோகிராம் காத்திருக்கும் வாசலின் எண், தேவைப்பட்டது. எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23. இரண்டையும் ஒழித்துக்கட்ட வந்த புரோகிராமுக்கு நடுவில் 22 காலியாக இருந்தது. ஜூலை 10-ஆம் தேதி, போர்ட் எண்களைப் பிரித்துக் கொடுக்கும் ஐயானா அமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டார். மறுநாளே பதில் வந்துவிட்டது: 22 உங்களுக்குத்தான். பதிலின் அடியில் இருந்த பெயர், ஜாய்ஸ்.

இதுவரைக்கும் யிலோனெனே சொல்லியிருக்கும் கதைதான். கம்ப்யூட்டர்காரர்களில் பலருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்தது. எஃப்டிபியின் விதிமுறையை இன்றைக்கும் எல்லோரும் பார்க்கும் ஆவணம் ஆர்எஃப்சி 959. அக்டோபர் 1985-இல் வந்தது. எழுதியவர்கள் இரண்டு பேர்: ஜான் போஸ்டல், ஜாய்ஸ் ரெனால்ட்ஸ். சரி, டெல்நெட்? அதற்கு ஆர்எஃப்சி 854, மே 1983. எழுதியவர்கள்: ஜான் போஸ்டல், ஜாய்ஸ் ரெனால்ட்ஸ்!

இந்தப் பக்கம் 21-இன் விதிமுறையில் அவர் பெயர், அந்தப் பக்கம் 23-இன் விதிமுறையிலும் அவர் பெயர். இரண்டுக்கும் நடுவில் இருந்த காலி எண்ணை, அவை இரண்டையும் வழக்கொழியச் செய்யப்போகும் புரோகிராமுக்கு எடுத்துக் கொடுத்ததும் அவரேதான். அந்தப் பதிலை டைப் செய்தபோது இது அவருக்கு உறைத்திருக்குமா? மின்னஞ்சலில் அதற்கான சாடை எதுவும் இல்லை. அன்றாட அலுவலக வேலை, கேட்டார்கள், கொடுத்தார். மாறுவேடம் போட்ட விதியை நாடகத்தில் பார்த்திருக்கிறோம். இங்கே விதி கிளார்க் மேசையில் உட்கார்ந்து ஒற்றை வரியில் அனுமதி எழுதியிருக்கிறது. அவர் 2015-இல் காலமானார். அன்றைக்கும் உலகத்து சர்வர்களெல்லாம் 22-ஐத்தான் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தன.

எஃப்டிபி பேச்சை எடுத்துவிட்டு அபய் பூஷணை விட்டுவிட்டால் தப்பு. போஸ்டலும் ரெனால்ட்ஸும் பிற்காலத்தில் ஒழுங்குபடுத்தி எழுதிய விதிமுறையின் முதல் வடிவம் ஏப்ரல் 1971-இல் வந்த ஆர்எஃப்சி 114. அதை எழுதியவர் அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐஐடியின் முதல் பேட்ச்சில் படித்து, எம்ஐடிக்குப் போன பூஷண். மின்னஞ்சலுக்கென்று தனி விதிமுறை வருவதற்கு முன்பு, 70-களில், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் கடிதங்களே எஃப்டிபியின் முதுகில் ஏறித்தான் போய்க்கொண்டிருந்தன. அதைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதலாம். ஆசிரியர் அனுமதிப்பாரா தெரியவில்லை.

கனெக்டருக்கு வருகிறேன். கிளவுட்டில் ஃபைல்களைக் கையாளும் எந்த லைப்ரரியை எடுத்தாலும் முதலில் எஸ்3 இருக்கும், அடுத்து கூகுள், அசூர் வரும். பிறகு ஒருநாள் யாராவது ஒரு வாடிக்கையாளர் வந்து நிற்பார்: “எங்க பேங்க் எஸ்எஃப்டிபியிலதான் ஃபைல் குடுக்குது சார்.” சம்பளப் பட்டியல், இன்சூரன்ஸ் பட்டியல், கணக்கு சரிபார்க்கும் ஸ்டேட்மென்ட் என்று ராத்திரியோடு ராத்திரியாகப் போய்வரும் ஃபைல்களின் உலகம் அது. 2018-இல் அமேசானே எஸ்3-க்கு முன்னால் ஒரு எஸ்எஃப்டிபி வாசலைக் கட்டி வாடகைக்கு விட்டது. 2022-இல் அசூரும் அதே வழிக்கு வந்தது. பழையது போகும் என்று காத்திருந்து அலுத்துப்போய்க் கட்டிய வாசல்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

லைப்ரரி எழுதுபவருக்கு முதல் அதிர்ச்சி, எஸ்எஃப்டிபியும் எஃப்டிபிஎஸ்ஸும் உறவுக்காரர்கள்கூட இல்லை என்பது. எஃப்டிபிஎஸ் என்பது பழைய எஃப்டிபிக்கு டிஎல்எஸ் உறை போட்டது. எஸ்எஃப்டிபி, எஸ்எஸ்ஹெச்சுக்குள் ஓடும் முற்றிலும் வேறு மொழி. அக்கா ஸ்ட்ரீம்ஸ்காரர்களின் அல்பக்கா லைப்ரரியில் எஃப்டிபி, எஃப்டிபிஎஸ், எஸ்எஃப்டிபி மூன்றுக்கும் வெளியே ஒரே மாதிரி கட்டளைகள்தான் தெரியும். பட்டியல் எடு, படி, எழுது, நகர்த்து. உள்ளே பார்த்தால் முதல் இரண்டுக்கு அப்பாச்சி காமன்ஸ் நெட், மூன்றாவதுக்கு எஸ்எஸ்ஹெச்ஜே என்ற வேறொரு லைப்ரரி.

எஃப்டிபிஎஸ் ஏன் தலைவலி என்பதற்கு ஒரே ஒரு வரியைக் காட்டுகிறேன். ஃபைல் கேட்டதும் சர்வர் 227 என்ற எண்ணோடு ஒரு பதில் அனுப்பும். அதில் அடைப்புக்குள் ஆறு எண்கள்: 192,168,1,5,195,80. முதல் நான்கும் சர்வரின் முகவரி. கடைசி இரண்டும் போர்ட். 195-ஐ 256-ஆல் பெருக்கி 80-ஐக் கூட்டினால் 50000. அதாவது, ‘பேச்சு இங்கே, சரக்கு 50000-இல், அங்கே போய் எடுத்துக்கொள்’. நடுவில் இருக்கும் ஃபயர்வால் இந்த வரியை எட்டிப் பார்த்துத்தான் 50000-ஐத் திறந்துவிடும். உறை போட்டதும் ஃபயர்வாலுக்குக் கண் தெரியாமல் போகிறது. லாகின் ஆகிவிடும், பட்டியல் கேட்டால் தொங்கும். சப்போர்ட் டீமுக்கு வரும் முதல் புகார் இதுவாகத்தான் இருக்கும். முகவரி வேறு 192.168 என்று சர்வரின் உள்வீட்டு முகவரியாக வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எஸ்எஃப்டிபிக்கு இந்தப் பஞ்சாயத்தே கிடையாது. பேச்சும் சரக்கும் 22 வழியாகவே.

ஆனால் எஸ்எஃப்டிபிக்கு வேறு வினோதம். எஸ்எஸ்ஹெச் 2006 ஜனவரியில் ஆர்எஃப்சி ஆகிவிட்டது. எஸ்எஃப்டிபி இன்றுவரை ஆகவில்லை. வரைவு மேல் வரைவாக ஆறாவது பதிப்பு வரை எழுதி, 2006-இல் கைவிட்டுவிட்டார்கள். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் பேசுவதோ மூன்றாவது பதிப்பு. உலகமே அதைத்தான் பேசுகிறது. கனெக்டர் எழுதுபவர் கையில் இருக்கும் விதிமுறை, காலாவதியான ஒரு வரைவு.

வேக விஷயத்தையும் ஒரு கணக்கோடு முடித்துவிடுகிறேன். எஸ்எஃப்டிபியில் ஃபைலைத் துண்டு துண்டாகக் கேட்டு வாங்க வேண்டும். வழக்கமான துண்டு 32 கேபி. ஒரு ஜிபி ஃபைலுக்கு 32,768 தடவை கேட்க வேண்டும். சர்வர் கடல் கடந்து இருக்கிறது, போய்வர 200 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஒன்று வந்த பிறகு அடுத்ததைக் கேட்டால் 6,553 விநாடி, ஏறக்குறைய 1 மணி 49 நிமிடம். லைன் எவ்வளவு அகலமாக இருந்தாலும் அவ்வளவுதான். பதிலுக்குக் காத்திராமல் 64 கேள்விகளை முன்கூட்டியே அனுப்பிவைத்தால், லைன் தாங்குமானால், இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் எஸ்எஃப்டிபி கிளையன்ட் வழக்கமாகச் செய்வது இதைத்தான். கனெக்டர் மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்தால், சர்வரைப் பெரிதாக்குவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம். எஸ்எஸ்ஹெச்சில் ஒரு சர்வருடன் முதன்முதலாகப் பேசும்போது, ‘இந்த சர்வரின் கைரேகை இது, நம்பலாமா?’ என்று கேட்கும். முக்கால்வாசிப் பேர் படிக்காமலே யெஸ் என்று தட்டுவோம். அது நம் சோம்பல், போகட்டும். ஆனால் கனெக்டர் ஓடுவது ராத்திரி இரண்டு மணிக்கு, ஆளில்லாத சர்வரில். யெஸ் தட்ட அங்கே யார் இருக்கிறார்கள்? அதனால் அந்த யெஸ்ஸை லைப்ரரி எழுதுபவர் எல்லோருக்கும் சேர்த்து முன்கூட்டியே தட்டிவிடுகிறார். யார் வந்து நின்றாலும் கைரேகை பார்க்காமல் கதவைத் திறக்கும் ஒரு டீஃபால்ட். பூட்டு பத்திரமாக இருக்கும், சாவியைத் திருடனிடமே கொடுத்திருப்போம்.

கோ மொழியின் எஸ்எஸ்ஹெச் லைப்ரரியே 2017 வரை இப்படித்தான் இருந்தது. கைரேகையைச் சரிபார்க்கும் ஃபங்ஷனைக் கொடுக்காவிட்டால் எல்லோரையும் ஏற்றுக்கொண்டது. அது பாதுகாப்புக் குறைபாடாகப் பதிவானதும் மாற்றினார்கள். இப்போது சரிபார்ப்பு இல்லாவிட்டால் இணைப்பே கிடையாது. வேண்டாம் என்று அடம்பிடிப்பவர் ‘இன்செக்யூர் இக்னோர் ஹோஸ்ட் கீ’ என்ற ஃபங்ஷனைத் தன் கையாலேயே டைப் செய்ய வேண்டும். பைத்தானின் பாராமிகோ லைப்ரரியில், முன்பின் தெரியாத சர்வரை மறுப்பதுதான் டீஃபால்ட். ஆனால் இணையத்தில் கிடைக்கும் உதாரணங்களில், தெரியாத சர்வரையும் ஏற்கச் சொல்லும் ‘ஆட்டோ ஆட் பாலிசி’ என்று ஒரு வரி தவறாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைத்தான் எல்லோரும் காப்பி அடிக்கிறார்கள். ஃபைல் நகர்த்துவதில் நான் மிகவும் மதிக்கும் ஆர்குளோன்கூட, நாமாகக் கைரேகைப் பட்டியலைக் கொடுக்காதவரை சர்வரைச் சரிபார்ப்பதில்லை. ஆவணத்தில் அதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள், அந்த மட்டில் பாராட்டு.

‘கைரேகை மாறவே மாறாது, எதற்கு இவ்வளவு கெடுபிடி’ என்பவர்களுக்கு: 2023 மார்ச் 24 அன்று கிட்ஹப் தன் எஸ்எஸ்ஹெச் சர்வரின் ஆர்எஸ்ஏ சாவியை மாற்றியது, அதோடு கைரேகையும் மாறியது. ரகசியச் சாவி கொஞ்ச நேரம் பொதுவெளியில் கிடந்துவிட்டது, அதனால். அன்றைக்கு அந்தச் சாவியை ஒழுங்காகச் சரிபார்த்த புரோகிராம்கள் எச்சரிக்கை கொடுத்து நின்றன. பலர் திட்டினார்கள். சரிபார்க்காதவை ஒன்றுமே நடக்காததுபோல் ஓடின. அந்த இரண்டாவது வகை ஓடியதுதான் பயப்பட வேண்டிய விஷயம்.

என் தீர்ப்பு இது. எஸ்எஃப்டிபி கனெக்டர் சேர்க்கும் லைப்ரரி, கைரேகை தெரியாத சர்வரை மறுக்க வேண்டும். அதுவே டீஃபால்ட்டாக இருக்க வேண்டும். அல்பக்கா அப்படித்தான் வைத்திருக்கிறது. உபயோகிக்கக் கஷ்டம் என்று புகார் வரும், வரட்டும். பட்டியல் எடுப்பது, படிப்பது, எழுதுவது எல்லாம் ஒரு வாரத்தில் எழுதிவிடக்கூடிய கோடு. இந்த ஒரு டீஃபால்ட்தான் லைப்ரரியின் குணத்தைச் சொல்லும்.

ரீநேமுக்கு இடமில்லாமல் போய்விட்டது. கோடி காட்டிவிட்டுப் போகிறேன்: எஸ்எஃப்டிபி உலகத்தில் ஃபைலை டாட் பார்ட் என்ற தற்காலிகப் பெயரில் அனுப்பி, முழுதாக வந்து சேர்ந்ததும் நிஜப் பெயருக்கு மாற்றுவார்கள். எடுப்பவர் அரைகுறை ஃபைலை எடுத்துவிடாமலிருக்க நெடுநாள் ஏற்பாடு. எஸ்3-இன் சாதாரண பக்கெட்டில் ரீநேமே கிடையாது. காப்பி எடுத்து, பழையதை அழிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கனெக்டர் என்ன செய்யும் என்பது அடுத்த வாரம், இந்த முறை நிச்சயமாக. அதற்குள் உங்கள் ஆபீஸ் கோடில் ‘ஸ்ட்ரிக்ட் ஹோஸ்ட் கீ செக்கிங்’ என்று தேடிப் பாருங்கள். பக்கத்தில் ‘நோ’ என்று இருந்தால் கைரேகைச் சரிபார்ப்பை அணைத்துவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்; யார் எழுதியது என்று சண்டைக்குப் போகாமல், சர்வர்காரரிடம் கைரேகையைக் கேட்டு வாங்கி மாற்றிவிடுங்கள்.