நீந்தத் தெரிந்த நாயும் பாய்ப் படகும்

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



நாய்க்கு நீச்சல் கற்றுத் தர வேண்டியதில்லை, அதைப் படகில் கூட்டிப் போனால் என்ன பயம் என்று நாம் எல்லோரும் சொல்வோம். போன காணும் பொங்கல் வரைக்கும் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாத்தூரில் எங்கள் வீட்டில் கருப்பன் என்று ஒரு லாப்ரடார் இருக்கிறான். எடை 32 கிலோ. யாரோ வீடு காலி பண்ணும்போது தெருவில் விட்டுவிட்டுப் போனது. தெருவில் மழைத்தண்ணி தேங்கினால் போதும், இறங்கிப் படுத்துக்கொள்வான். பழவேற்காட்டில் என் மாமா மீன் பிடிக்கிறவர். ஏரியில் போக 18 அடியில் ஒரு படகு உண்டு, காற்று வாகாக இருந்தால் பாய் கட்டுவார். "அவனையும் கூட்டிட்டு வாடா" என்றார். கூட்டிப் போனேன்.

லாப்ரடார் என்றால் போலீஸ் நாய், பணக்கார வீட்டு நாய் என்றுதான் நமக்குத் தெரியும். உண்மையில் அதன் பூர்வீகம் மீனவர் படகு. கனடாவில் நியூஃபவுண்ட்லாந்து தீவின் மீனவர்கள் வைத்திருந்த தண்ணீர் நாய்களின் வம்சம் அது. தண்ணியில் குதித்துக் கயிற்றைக் கவ்விவருவது, தூண்டிலில் நழுவிய மீனைப் பிடிப்பது இதெல்லாம் அவற்றின் வேலை. தண்ணீர் ஒட்டாத இரட்டை ரோமம், விரல்களுக்கு நடுவே சவ்வு, சுக்கான் மாதிரி கெட்டியான வால். அதே தீவின் இன்னொரு பெரிய ஜாதி நாய் 60 கிலோவுக்கு மேலும் வளரும். அமெரிக்காவில் லூயிஸ் என்ற ராணுவ அதிகாரி 1803-ல் அப்படி ஒரு நாயை 20 டாலருக்கு வாங்கி, சீமேன் என்று பெயர் வைத்து, மிசௌரி ஆற்றுப் பயணத்துக்குக் கூட்டிப் போனார். ஆனால் அவர் படகு 55 அடி. நம்ம படகு?

முகத்துவாரம் பக்கம் போகும்போது ஒரு கூழைக்கடாவைப் பார்த்துக் கருப்பன் குதித்துவிட்டான். பாய்ப் படகுக்குப் பிரேக் கிடையாது. பாயை இறக்கித் திருப்புவதற்குள் நீரோட்டம் அவனைத் தூரமாகக் கொண்டுபோய்விட்டது. நன்றாகத்தான் நீந்தினான், படகு கிட்டேயும் வந்துவிட்டான். ஆனால் ஏற முடியவில்லை! நகம் ஃபைபரில் வழுக்குகிறது. நான் ஓடிப்போய்க் குனிந்து கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தேன். அவனுக்கு மூச்சு முட்டியது, படகு சாய்ந்து தண்ணியும் உள்ளே வந்தது.

"விடுடா பட்டையை! முன்னாடி போய் உக்காரு!" என்று மாமா கத்தினார். அவர் பின்பக்கம் போய், துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் போட்டார். கருப்பன் பத்து நிமிஷம் எழுந்திருக்கவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

என்ன நடந்தது? நாம் படித்த அப்ளைடு மெக்கானிக்ஸ்தான். தண்ணிக்குள் நாயின் எடை முழுவதையும் மிதப்பு விசை தாங்குகிறது. மேலே தூக்கத் தூக்க அந்த எடை நம் கைக்கு வருகிறது, ரோமத்தில் ஊறிய தண்ணியும் சேர்த்து. 32 கிலோ நாயும் 50 கிலோ நானும் ஒரே ஓரத்தில் என்றால், நடுக்கோட்டிலிருந்து 2 அடி தூரத்தில் 82 கிலோ. அந்த மொமென்டுக்குப் படகு சாயாமல் என்ன செய்யும்? படகு அகலத்தில் குறைவு, நீளத்தில் அதிகம். அதனால் பக்கவாட்டில் சுலபமாகச் சாயும், முன்பின்னாக அவ்வளவு சாயாது. மாமா பின்பக்கம் தூக்கியதும், என்னை முன்னால் உட்காரச் சொன்னதும் அதனால்தான்.

நாய் உள்ளே இருக்கும்போதும் இதே கதைதான். காற்றில் படகு சாய்ந்தால், வழுக்கும் தரையில் நாயும் அந்தப் பக்கமே சரியும். சாய்வு இன்னும் கூடும். மூட்டை என்றால் கட்டிப் போடலாம்; நாய் நகருகிற பாரம்!

ஆகவே நண்பர்களே, நாயோடு படகில் போவதானால்:

1. நடுவில் ஈரக் கோணி விரித்துப் படுக்க வையுங்கள். நகத்துக்குப் பிடிப்பு கிடைக்கும், ஈர்ப்பு மையமும் தாழ்வாக இருக்கும்.

2. முதுகில் கைப்பிடி வைத்த நாய் லைஃப் ஜாக்கெட் போடுங்கள். கழுத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள், படகோடும் கட்டாதீர்கள்.

3. திரும்ப ஏற்றுவதைக் கரையோரம் முழங்கால் தண்ணியிலேயே பழக்குங்கள்.

4. குடிக்க நல்ல தண்ணீர் எடுத்துப் போங்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. குடித்தால் வாந்தி, பேதி. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். நிழலும் வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியது நான்தான். மொமென்ட் கணக்கை நோட்டில் போட்டு மாமாவிடம் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். "இதெல்லாம் தெரிஞ்சுமாடா அந்தப் பக்கம் ஓடின?" என்றார்.

அடுத்த லீவுக்குக் கருப்பனுக்கு ஜாக்கெட் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.